கைடு வாசனை போக என்ன வழி?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முன்னுரை, முடிவுரை, கைடு வாசனை. வலைப்பூவில் எழுத வையுங்கள், பெண்ணியக் கற்பித்தலுக்கு அது தோதானது என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். நிஜமாகவே பலன் உண்டா, இல்லை கூடுதல் வேலையா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கூடுதல் வேலைதான் மேடம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பலன் உண்டு. மதுரையில் நான் வகுப்பு எடுத்த காலத்தில், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்புக்கு நோட்டில் “மல்லிகையின் மணம் மனத்தை மயக்கும்” என்று ஆரம்பித்து நாலு பக்கம் நிரப்பியிருந்தாள். அதே பெண் வலைப்பூவில் எழுதியதோ, விடியுமுன் நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு மொட்டுப் பறிக்கப் போவதையும், பனியில் பாவாடை நனைந்து காலில் ஒட்டுவதையும், மாட்டுத்தாவணியில் பூ என்ன விலைக்குப் போனாலும் தங்களுக்குக் கிலோவுக்கு அதே கூலிதான் என்பதையும். கீழே இன்னொருத்தி “மருந்தடிக்கிற ஆம்பளைக்கு உங்க ஊர்ல எவ்வளவு?” என்று கேட்க, பின்னூட்டம் நீண்டுகொண்டே போனது. அதில் நான் சொல்லிக்கொடுக்க சந்திப்பிழையைத் தவிர ஒன்றுமே இல்லை.

நோட்டைப் படிப்பது மார்க் போடுகிற நீங்கள் மட்டும்தான். படிக்கிறவள் பக்கத்து பெஞ்சுக்காரி என்று ஆனதும் கைடு நடை எடுபடாது, அவளும் அதே கைடைத்தானே படித்திருக்கிறாள்! பட்ட அனுபவமும் அறிவுதான், அது டீச்சரிடம் மட்டும் இல்லை என்பதுதான் பெண்ணியக் கற்பித்தலின் கரு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியர் பெல் ஹூக்ஸ் 1994இல் வந்த ‘டீச்சிங் டு டிரான்ஸ்கிரெஸ்’ நூலில் நம்மை ஒரு பிடி பிடிக்கிறார். மாணவர்களை மட்டும் சொந்தக் கதை சொல்ல வைத்துவிட்டு, தான் வாய் திறக்காத ஆசிரியர் செய்வது அதிகாரம்தானாம். அதனால் முதல் பதிவு உங்களுடையதாக இருக்கட்டும். நான் எழுதியது, கல்யாணத்துக்கு அப்புறம் பிஎச்.டி.யை ஆறு வருஷம் பரணில் போட்ட கதை.

ஒரு தப்பும் செய்தேன். சொந்தப் பெயரில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி விட்டுவிட்டேன். டூருக்கு வீட்டில் விடவில்லை என்று ஒருத்தி எழுதியது சித்தப்பா கண்ணில் பட்டு, ஒரு மாதம் அவள் கையில் போன் இல்லை. அந்த செமஸ்டர் முழுக்க அவள் மழைநீர் சேகரிப்பு பற்றியே எழுதினாள், பாவம். அதனால் புனைபெயர் கட்டாயம். கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கரில் நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி மாற்றலாம், பின்னூட்டமும் நீங்கள் பார்த்த பிறகே வெளியாகும்படி வைக்கலாம். வீட்டு விஷயத்தை எழுதச் சொல்லி யாரையும் நெருக்க வேண்டாம், பஸ் ஸ்டாண்டைப் பற்றி எழுதினாலும் சரி. பின்னூட்ட எண்ணிக்கைக்கு மார்க் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், “அருமை தோழி” என்று முப்பது வந்து விழும்.

போன் இல்லாத பெண்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். கம்ப்யூட்டர் லேபில் வாரம் ஒரு பீரியட் இப்போதே கேட்டு வையுங்கள், சாவி கைக்கு வருவதற்குள் பாதி செமஸ்டர் போய்விடும்.