நவம்பரில் ஹெல்வெலின்: முகட்டு நடை பற்றிச் சில கேள்விகள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் 950 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஹெல்வெலின். கிழக்கே கிளெண்ரிடிங் கிராமத்திலிருந்து ஏறி, ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற ஒடுங்கிய பாறை முகடு வழியாக உச்சியை அடைவதுதான் பலருக்கும் ஆசை. 14 வருஷமாக இலையுதிர் காலக் கடைசியில் அங்கே போய்வருகிறேன். அதை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

லெஸ்டரிலிருந்து: நவம்பர் மூன்றாவது வாரம் நாலு பேர் போகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், அக்கா?

முதலில் வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அந்த வாரம் சூரியன் எழும்போது ஏழரை தாண்டிவிடும். நாலேகாலுக்குள் மறைந்துவிடும். கிளெண்ரிடிங் மலைக்குக் கிழக்கே இருப்பதால் நிழல் அதற்கும் முன்பே வரும். உச்சியில் வெயில் அடிக்கும்போதே கீழே ரெட் டார்ன் ஏரிக்கரை இருண்டு சில்லிட்டுக் கிடக்கும்.

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவும்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். போய்த் திரும்ப ஏறத்தாழ எட்டு மைல், 2800 அடி ஏற்றம். நாலு மணி நேரம் என்று வரும். ஆனால் அது எங்கும் நிற்காமல் நடக்கிறவருக்கான கணக்கு. நாலு பேர், சாப்பாடு, படம், பாறையில் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருப்பது என்று சேர்த்தால் ஆறரை, ஏழு மணி நேரம். எனவே விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். முகடு ஆரம்பிக்கும் ஹோல்-இன்-த-வால் என்ற இடத்தைப் பகல் 12 மணிக்குள் தாண்டவில்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். ஆளுக்கொரு ஹெட் டார்ச் வேண்டும். நாலு பேருக்கு ஒன்று போதாது.

க்ராய்டனிலிருந்து: ஜீன்ஸ் போட்டு வரலாமா?

வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கீழே 9 டிகிரி என்றால் உச்சியில் 4 டிகிரிதான் இருக்கும். அதன்மேல் காற்று வேறு.

கோவையிலிருந்து: வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன். மகள் வீட்டுக்கு வருகிறேன். இது எனக்குச் சுலபம்தானே?

ஐயா, உங்கள் கால்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளியங்கிரி கேட்கும் மூச்சை இது கேட்காது. ஆனால் அங்கே நீங்கள் கூட்டத்தோடு, படிகளும் தடமும் தெரிய ஏறுகிறீர்கள். இங்கே முகட்டில் இரண்டு பக்கமும் சரிவு, கைகளையும் ஊன்றித்தான் சில இடங்களைக் கடக்க வேண்டும். கூர்முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஏரிப் பக்கமாக ஒரு நடைபாதை கூடவே வரும். காற்று இருந்தால் அதில் போங்கள். முகட்டின் கடைசியில் சிம்னி என்று ஒரு பாறைப் பிளவு. பாறையைப் பார்த்தபடி, கால் வைக்கும் இடத்தைத் தேடித் தேடி இறங்க வேண்டும். ஈரமாக இருந்தால் அதுதான் பெரிய சோதனை. கைத்தடிகளை அதற்கு முன்பே பையில் கட்டிவிடுங்கள்.

லீட்ஸிலிருந்து: ஜீன்ஸுக்கு மேல் மழைக்காற்சட்டை போட்டால்?

அப்போதும் உள்ளே வியர்வையில் நனையும். வேண்டாம்.

மான்செஸ்டரிலிருந்து: இறங்க ஸ்விரல் எட்ஜ்தானே குறுகிய வழி? இருட்டுவதற்குள் இறங்க அதுதான் பாதுகாப்பு.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்விரல், ரெட் டார்னுக்கு மறுபக்கம் உச்சியிலிருந்து இறங்கும் இன்னொரு பாறை முகடு. அதன் தலைப்பகுதி செங்குத்து, வடகிழக்கு நோக்கியது. நவம்பரில் பிற்பகல் வெயில் அதன்மேல் படாது. காலையில் கசிந்த நீர் மூன்று மணிக்கு மேல் பாறையில் கண்ணாடிபோல் உறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன் அங்கே வழுக்கி, உள்ளங்கை கிழிந்து, பத்தடி கீழே ஒரு பாறையில் முட்டி நின்றேன். அந்தப் பாறை அங்கே இருந்தது என் பாக்கியம்.

அவரே: நான் ஐந்து முறை இறங்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

எந்த மாதத்தில் இறங்கினீர்கள், எத்தனை மணிக்கு? ஜூனில் நானும் பிள்ளைகளோடு இறங்கியிருக்கிறேன். வழியில் மாற்றமில்லை, பாறைதான் மாறுகிறது. மஞ்சு மூடினால் இன்னொரு சிக்கல்: உச்சியில் நிற்கும் நில அளவைத் தூணைத் தாண்டி ஸ்விரல் தொடங்கும் இடத்தைத் தவறவிட்டால் செங்குத்துச் சரிவின் விளிம்பில் போய் நிற்பீர்கள்.

நியூகாசிலிலிருந்து: அப்படியானால் வேறு எப்படி இறங்குவது? அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே.

நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. அதற்கு மாற்று, சீக்கிரம் கிளம்புவது. உச்சியிலிருந்து லோயர் மேன், அங்கிருந்து 863 மீட்டர் உயர வைட் சைட், பிறகு வளைந்து வளைந்து கெப்பல் கோவ் இறங்கும் பழைய தடம். கைகளை ஊன்ற வேண்டிய இடமே இல்லை. கீழே 1962இல் மூடப்பட்ட கிரீன்சைட் ஈயச் சுரங்கத்தைக் கடந்தால் அகலமான பாதை, ஹெட் டார்ச் வெளிச்சத்திலேயே கிராமம் வரை நடக்கலாம். தூரம் கூடுதல்தான். களைத்த கால்களுக்கு நீளமான பாதை பரவாயில்லை, செங்குத்தான பாதைதான் ஆகாது. மான்செஸ்டர்க்காரர் பாறை காய்ந்திருக்கும் நாளில், பகல் ஒரு மணிக்குள் ஸ்விரலில் இறங்கினால் எனக்கு மறுப்பில்லை.

அவரே: சரி, ஒரு மணிக்குள் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

நன்றி.

பிரிஸ்டலிலிருந்து: இந்தக் குளிரில் எதற்கு? மே மாதம் போகக்கூடாதா?

தாராளமாகப் போங்கள். ஆனால் நவம்பரின் அமைதியான, தெளிந்த காலைகளில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேகம் கீழே படுத்திருக்கும். சரிவெங்கும் காய்ந்த பெரணி துரு நிறத்தில் இருக்கும். நீங்கள் மஞ்சுக்கு மேலே ஏறி வெயிலுக்கு வருவீர்கள். தாழ்ந்த சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, உங்கள் நிழல் கீழே மஞ்சின்மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. பிராக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும். முதல்முறை கண்டபோது ஸ்ட்ரைடிங் எட்ஜில் உட்கார்ந்து அழுதேன். அதற்காகத்தான் நவம்பர்.

க்ளாஸ்கோவிலிருந்து: நாயைக் கூட்டிப் போகலாமா?

பழகிய நாய்கள் போகின்றன. சிம்னியில் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். 1805இல் சார்ல்ஸ் கஃப் என்பவர் இங்கே இறந்தபோது, மூன்று மாதம் கழித்து உடலைக் கண்டெடுக்கும்வரை அவருடைய நாய் பக்கத்திலேயே இருந்தது. மேலே அதற்கொரு நினைவுக்கல் உண்டு.

ஹாரோவிலிருந்து: ஜீன்ஸ்...

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். வேண்டாம்.

ரெடிங்கிலிருந்து: அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது?

999. போலீஸைக் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள். போனில் சிக்னல் கிடைக்காவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. டார்ச்சிலும் இதே கணக்குதான்.

எடின்பரோவிலிருந்து: க்ளென்கோவின் அயோனக் ஈகக் முகடு எப்படி?

அது கயிறு தெரிந்தவர்கள் வேலை. மலை வழிகாட்டி ஒருவரைக் கேளுங்கள்.

மறுபடி லெஸ்டர்: நாலு டார்ச் வாங்கிவிட்டோம். காற்று எவ்வளவு இருந்தால் போகக்கூடாது?

முந்தின நாள் மாலை மலைக்கான வானிலை அறிக்கையைப் பாருங்கள், ஊருக்கானதை அல்ல. உச்சியில் 35 மைல் வேகம் என்று போட்டிருந்தால் முகட்டை விட்டுவிடுங்கள். போகும்போதும் வரும்போதும் கெப்பல் கோவ் தடம். ஏழே முக்காலுக்கு நடக்கத் தொடங்குங்கள். பிளாஸ்கில் இஞ்சித் தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள்.