நுகர்வோர் கேள்வி-பதில்: பறவை பார்க்க வாங்கியதும் ஏமாந்ததும்

இந்த வாரம் முழுக்கப் பறவைகள்தான். சென்ற மாதம் பைனாகுலர் பற்றி நான்கு வரி எழுதினேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படத்தோடு வந்திருக்கின்றன. கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கோவை வாசகர்: வீட்டு வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்த பறவையை செல்போனில் படம் எடுத்தேன். சமூக ஊடகத்தில் 'பறவை நிபுணர்' என்று போட்டிருந்த ஒருவருக்கு ரூ. 300 அனுப்பிக் கேட்டதற்கு, 'வைரி, ரொம்ப அபூர்வம்' என்றார். என் மகள் இல்லை என்கிறாள். யார் சொல்வது சரி?

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. அது அக்காக்குயில். சாம்பல் முதுகு, நெஞ்சில் பட்டை, வாலில் பட்டை எல்லாம் வைரி என்கிற சிறு வேட்டைப் பறவையைப் போலவே இருக்கும், நிறையப் பேர் தடுமாறுகிற இடம் இது. அலகைப் பாருங்கள். வைரியின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே கொக்கி போல வளைந்திருக்கும். உங்கள் படத்தில் அலகு நேராகப் போய் நுனியில் மட்டும் லேசாக வளைகிறது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் தெரிகிறது. கால் மெலிந்திருக்கிறது, இரையைக் கவ்வுகிற நகங்கள் இல்லை. அது போக, வைரியாகவே இருந்தாலும் அபூர்வம் இல்லை, ஊருக்குள்ளேயே திரிகிற பறவை அது. அந்த 300 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றினால் விவரம் தெரிந்தவர்கள் காசு வாங்காமல் பெயர் சொல்வார்கள்.

மதுரை வாசகர்: 200 மெகாபிக்சல் போன் வாங்கினால் தூரத்துப் பறவை தெளிவாகத் தெரியுமா?

தெரியாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுவது லென்ஸ். கடையில் 'ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு?' என்று மட்டும் கேளுங்கள். பெட்டியில் 100 மடங்கு என்று போட்டிருந்தாலும் லென்ஸ் தருவது பெரும்பாலும் நான்கைந்து மடங்காகத்தான் இருக்கும். மீதி, படத்தை வெட்டிப் பெரிதாக்கி, விட்டுப்போன இடத்தில் மென்பொருள் தானாக வரைந்து சேர்ப்பது. அப்படி வரைந்த இறகுக் கோட்டை வைத்துப் பெயர் சொன்னால் தப்பாகத்தான் போகும்.

தஞ்சாவூர் வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை: படம் காட்டினால் பறவையின் பெயர் சொல்லும் செயலி என்று விளம்பரம் வந்தது. மூன்று நாள் இலவசம் என்றார்கள். வீட்டுக் கொல்லையில் எடுத்த தவிட்டுக்குருவிக்கு ஏதோ அமெரிக்கப் பறவையின் பெயரைச் சொன்னது. பிடிக்காமல் செயலியை அழித்துவிட்டேன். நான்காம் நாள் வங்கிக் கணக்கிலிருந்து ரூ. 2,400 போய்விட்டது. என் தவறா?

இல்லை அம்மா, உங்கள் தவறு துளியும் இல்லை. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், இந்த விஷயத்தில் எனக்குப் பல நாள் கோபம் இருக்கிறது.

செயலியை அழித்தால் சந்தா ரத்தாகாது. பெரும்பாலோருக்கு இது தெரியாது, இவர்களின் வருமானமே அதில்தான் இருக்கிறது. பிளே ஸ்டோரில் மேலே ஓரத்தில் இருக்கும் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' உள்ளே போய் ரத்து செய்யுங்கள். யுபிஐ வழியாகப் போயிருந்தால் உங்கள் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியையும் திறந்து பாருங்கள், அங்கே ஒப்புதல் உயிரோடு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி பிளே ஸ்டோரிலேயே கோரிக்கை வைக்கலாம், இன்றைக்கே வையுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். சேருவதைச் சுலபமாக்கி, விலகுகிற வழியை ஒளித்துவைப்பதை 'சந்தாப் பொறி' என்றே 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள 13 ஏமாற்று வழிகளில் இதுவும் ஒன்று. புகாரில் அந்தச் சொல்லையே எழுதுங்கள்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இன்னொன்று. இவர்கள் விற்கிற வேலையைக் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி ஒரு பைசா வாங்காமல் செய்கிறது. அதில் படத்தைப் போட்டதும் எந்த ஊர், என்ன தேதி என்று கேட்கும். அந்த ஊரில் அந்த மாதத்தில் இருக்கக்கூடிய பறவைகளையே முதலில் காட்டும். அதனால்தான் தஞ்சாவூர்க் கொல்லைக்கு அமெரிக்கப் பறவை வந்து சேராது. இந்தியாவுக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இல்லாத ஏரிக்கரையிலும் வேலை செய்யும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கூலி வாங்காமல் ஏற்றிய படங்களை வைத்துப் பழகியது அது. அப்படி ஒன்று இலவசமாக இருக்கும்போது, விவரம் தெரியாத பெரியவர்களிடம் வருடத்துக்கு 2,400 பிடுங்குகிறார்கள். இதே மாதிரி ஒரு செயலிக்கு நானும் எட்டு மாதம் கட்டியிருக்கிறேன். கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது.

சென்னை வாசகர்: இணையத்தில் ஒரு தனி நபர் விளம்பரம் பார்த்து, பழைய 150-600 கேமரா ஜூம் லென்ஸுக்கு ரூ. 48,000 முன்பணமாகவே அனுப்பினேன். பில் இல்லை. லென்ஸுக்குள் பூஞ்சை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

போக முடியாது. தன் சொந்தப் பொருளை விற்கிற தனி ஆள் வியாபாரி ஆகமாட்டார், நுகர்வோர் சட்டம் அங்கே எட்டாது. பொய்யான விவரம் சொல்லி விற்றார் என்பதற்கு உரையாடல் பதிவு இருந்தால் சைபர் குற்ற எண் 1930-க்குச் சொல்லுங்கள். ஆனால் ஐயா, 48,000 ரூபாயை முகம் தெரியாதவருக்கு அனுப்பும் முன் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலை போலத் தெரிந்துவிடும். இதே கேள்விக்கு இந்தப் பகுதியில் நான்காவது முறையாகப் பதில் எழுதுகிறேன்.

சேலம் வாசகர்: பொருட்காட்சியில் '30x60' பைனாகுலர் ரூ. 1,800-க்கு வாங்கினேன். ஏரியில் எதைப் பார்த்தாலும் மங்கல், ஆட்டம், பத்து நிமிடத்தில் தலைவலி. கடைக்காரர் 'விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்' என்கிறார்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 60 என்று போட்டிருக்கிறார்களே, அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். நான் ஒரு மலைவாசஸ்தலத்துக் கடையில் வாங்கியதில் 50 என்று அச்சிட்டிருந்தார்கள், அளந்தால் 32 இருந்தது. வெளியூர்க் கடை, திரும்பிப் போய்க் கேட்கவும் வழியில்லை. உண்மையாகவே 30 மடங்கு என்றாலும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. கை ஆட்டமும் 30 மடங்கு ஆகிவிடும். பறவை பார்ப்பவர்கள் 8x42 வாங்குவது அதற்காகத்தான். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அந்த அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்கு வரும். விடிகாலையிலும் நிறம் தெரியும். அடுத்த முறை வாங்கும்போது கையை நீட்டி, கண் வைக்கும் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, வானத்தை நோக்கிப் பிடியுங்கள். அதில் தெரிகிற வெளிச்சப் பொட்டு முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்புகிற பட்டகம் (ப்ரிசம்) மட்டமானது. தலைவலிக்குக் காரணம் இரண்டு குழல்களும் ஒரே புள்ளியைப் பார்க்காதது, அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

உங்கள் 1,800-ஐ விட்டுவிடாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் பலகை மாட்டியதால் சட்டம் மாறாது. எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஈரோடு வாசகர்: வெள்ளைக் கொக்கு ஒன்றைப் படம் எடுத்தேன். எந்தக் கொக்கு?

சொல்ல முடியவில்லை. கால் தண்ணீருக்குள், அலகு இறகுக்குள் இருக்கிறது. கருப்பு அலகும் மஞ்சள் பாதமும் தெரிந்தால் சின்னக் கொக்கு. வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெரிய கொக்கு. கொஞ்சம் காத்திருந்து எடுங்கள். வாட்ஸாப்பில் சுருங்கிய பிரதி வேண்டாம், மூலப் படத்தையே அனுப்புங்கள்.

திருநெல்வேலி வாசகி: மகன் பிறந்தநாளுக்குச் சந்தையில் 'வெளிநாட்டு ஃபின்ச்' என்று ஒரு ஜோடி வாங்கினேன். ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். கிண்ணத் தண்ணீரில் குளித்ததும் தண்ணீர் பச்சையாகிவிட்டது. படம் அனுப்பியுள்ளேன். பையன் அழுகிறான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாயம் போன இடத்தில் தவிட்டு நிறம், வயிற்றில் மீன் செதில் மாதிரிக் கருப்புக் கோடுகள், தடித்த முக்கோண அலகு. இவை புள்ளிச் சில்லைகள். நம் வயல் வரப்பில் புல் விதை தின்கிற, நம் ஊர்ப் பறவைகள். வலை போட்டுப் பிடித்துச் சாயம் முக்கி விற்றிருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நீங்கள் தெரியாமல் வாங்கியவர், பயப்பட வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், அவசரப்பட்டுத் திறந்தும் விடாதீர்கள். வனத்துறை அலுவலகத்துக்கு இன்றே பேசி ஒப்படையுங்கள், எந்தச் சந்தை, எந்த இடம் என்பதையும் சொல்லுங்கள். பணம் திரும்பாது, வருத்தமாகத்தான் இருக்கிறது. பையனை ஒரு காலையில் வயல் பக்கம் கூட்டிப் போங்கள். சாயம் பூசாத சில்லைகள் கதிரில் கூட்டமாகத் தொங்குவதைப் பார்க்கட்டும்.

வேதாரண்யம், பிளஸ் டூ மாணவி: அப்பாவின் சாதாரண போன்தான் இருக்கிறது. கேமரா வாங்க வசதியில்லை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. 2015-இலிருந்து பொங்கலின் நான்கு நாளும் நடக்கிறது, படம் கட்டாயமே இல்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பட்டியல்களைப் பதிகிற ஈபேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பெயர் உறுதியாகத் தெரியாத பறவையை 'உள்ளான் வகை' என்று பொதுவாகவே பதியலாம், ஊகித்து எழுதாதே. இப்போதைக்கு எதுவும் வாங்காதே அம்மா. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள். அலகு எப்படி, கால் என்ன நிறம், வால் ஆட்டுகிறதா என்று அங்கேயே நின்று குறித்துக்கொள். கோடியக்கரை உனக்குப் பக்கத்தில்தான், ஜனவரியில் வலசைப் பறவைகள் அங்கே நிறைய இருக்கும். உன் பட்டியலை எனக்கும் அனுப்பு.