வெக்கையைப் பற்றி வீட்டில் எப்படிக் கதைக்கிறது? - கேள்வி பதில்

கிளிநொச்சியில் உளசமூகப் பணியில் இருக்கிறேன். காலநிலை மாற்றம் பற்றி வீட்டிலும் ஊரிலும் கதைக்கும்போது வருகிற சிக்கல்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் கீழே. விஞ்ஞானக் கேள்விகளை விட்டுவிட்டேன், அது என் துறை இல்லை.

அக்கா, அப்பா கமம் செய்கிறார். காலநிலை மாற்றம் என்று வாயெடுத்தாலே "உனக்கு முதலே மழை பார்த்தவன் நான்" என்று எழும்பிப் போய்விடுவார். அவரை எப்படி நம்ப வைக்கிறது? (மாணவி, விசுவமடு)

நம்ப வைக்கப் போகாதீர்கள் தங்கச்சி. அப்பாவுக்கு அந்தச் சொல்தான் புதிது, விஷயம் புதிது இல்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து ஊரெல்லாம் வெள்ளம் நின்றதை அவர் வரம்பில் நின்று பார்த்திருப்பார். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து மகள் அதைத் தனக்கே விளக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

என் மாமாவிடம் நானும் இதே பிழையை விட்டேன். வரைபடங்களோடு போனேன். "உந்தப் படம் வயலுக்குத் தண்ணி விடுமோ?" என்றார். சரி, அப்புறம் ஒரு வருசம் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. ஒருநாள் கச்சான் உடைத்துக்கொண்டு இருக்கும்போது, "மாமா, நீங்கள் இளந்தாரியாய் இருக்கேக்க காலபோகத்துக்கு எப்ப விதைப்பியள்?" என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் கதைத்தார். விதைப்பை எத்தனை தரம் பின்னுக்குத் தள்ளினார், எந்த வருசம் வெட்டுக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்தது, எல்லாம் வந்தது. கடைசியில் "முந்தின மாதிரி இல்லைத்தான்" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

ஒருவரை இப்படித்தான் நினைக்க வேண்டும் என்று தள்ளினால், தன் சுதந்திரத்தைக் காப்பாற்றவே எதிர்ப்பக்கம் சாய்வார். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இல் எழுதிய விஷயம் இது. மற்றப்பக்கம், பொறுமையாகக் கேட்பதற்கும் பலன் உண்டு. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மயாமியில் வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடமளவில் கதைத்தார்கள். திருநர் மீதான வெறுப்பு பற்றிய கதை அது, காலநிலை இல்லை. தர்க்கம் பண்ணாமல், "உங்களை யாராவது இப்படி ஒதுக்கினது உண்டா?" என்ற மாதிரிக் கேட்டார்கள். வந்த மாற்றம் மூன்று மாதத்துக்குப் பிறகும் நின்றது.

2021இல் சூழல், இயற்கை என்று சொல்லித்தான் உரத்தை நிறுத்தினார்கள். இப்ப நீங்களும் அதே கதையோடு வாறியள். (கமக்காரர், ஒட்டுசுட்டான்)

அண்ணை, உங்கள் கோபம் நியாயம். மே மாதத்தில் இரவோடிரவாக இரசாயன உரத்தைத் தடுத்து, நவம்பரில் தடையை எடுத்தார்கள். நட்டம் கமக்காரரின் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு "சூழல்" என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரிவது இயல்பு. என்ன சொல்கிறார்கள் என்பதற்கு முதல், யார் சொல்கிறார்கள் என்றுதான் மனம் பார்க்கும்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். இலங்கையில் தலைக்கு வருசத்துக்கு ஒரு தொன் அளவில்தான் கரியமிலவாயு வெளிவருகிறது, உலகச் சராசரி கிட்டத்தட்ட ஐந்து தொன். பிறகென்ன, வன்னிக் கமக்காரரிடம் வந்து "நாம் எல்லோரும் குற்றவாளிகள்" என்று தொடங்கினால் முன்வரிசை கதிரையும் காலியாகும். முதலில் அந்த உர வருசத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அன்றைக்கு வேறு ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

கனடாவில் இருக்கிற அண்ணா ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் "மரம் நடு, பிளாஸ்டிக் விடு" என்று அனுப்புகிறார். (முல்லைத்தீவு)

"அண்ணா, அங்கே இந்த முறை பனி எப்படி?" என்று ஒரு குரல்பதிவு போடுங்கள். அவரும் தன் முற்றத்தைப் பற்றிக் கதைக்கட்டும்.

வகுப்பில் ஒரு பிள்ளை, இரவில் மழை பெய்தால் நித்திரை கொள்வதில்லையாம். உலகம் அழியப்போகிறதா என்று கேட்கிறாள். (ஆசிரியை, மல்லாவி)

டீச்சர், இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கலாம். ஒன்று, வரப்போவதைப் பற்றிய பயம். 2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையான 10,000 பேரிடம் கேட்டபோது, 59 வீதமானோர் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். ஆக அவள் தனியாள் இல்லை. "பயப்பிடாதே" என்று வாயை மூடவேண்டாம். போத்தலை வெட்டி மழைமானி செய்து, நாளாந்த அளவை அவளையே கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

மற்றது, அந்தப் பிள்ளை வெள்ளத்தில் எதையாவது கண்டிருக்கிறாளா? முகாமில் இருந்தவளா? அப்படியானால் மழைமானி போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குத் தாயோடு அனுப்புங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

எங்கள் ஊரில் நான் மட்டும்தான் இதை யோசிக்கிறேன் போல. (இளைஞர், முள்ளியவளை)

தம்பி, பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். 2024இல் வெளியான 125 நாட்டு ஆய்வில் 89 வீதமானோர் அரசாங்கம் இன்னும் செய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் இதற்குக் கைகொடுக்க மற்றவர்கள் எவ்வளவு தயார் என்பதை அவர்களும் குறைத்துத்தான் கணித்தார்கள். தேத்தண்ணிக் கடையில் "வெக்கை தாங்கேலாது" என்று ஒருவர் சொல்லும்போது, "ஓம்" என்று விட்டுவிடாமல் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

சண்டைக்குள்ளால் வந்த சனத்துக்கு இதுவும் ஒரு கவலையா அக்கா? (மாங்குளம்)

இந்தக் கேள்வியில் நான் கனநேரம் நின்றேன். மனத்தில் கவலைக்கு உள்ள இடம் அளவானது, ஒன்று உள்ளே வந்தால் மற்றொன்று ஒதுங்கும் என்று எல்கே வெபர் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். காணாமல் போன மகன், நுண்கடன், வேலிக்குள் வருகிற யானை. இவற்றைத் தள்ளி வைத்துவிட்டு 2050ஐப் பற்றி யோசி என்று ஒரு தாயிடம் என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் கடனைப் பற்றி நான் கதைப்பேன். போன முறை ஏன் கட்ட முடியவில்லை என்று கேட்டால், "பயிர் தண்ணிக்குள்ளே போச்சுது" என்பார். அடுத்த முறை எல்லாக் காணியையும் ஒரே நெல்லில் விடுவதா, மேட்டுத்துண்டில் உழுந்து போடுவதா, கமநல சேவை நிலையத்தில் பயிர்க் காப்புறுதிக்குப் பதிந்தாரா என்று கதை போகும். காலநிலை மாற்றம் என்ற சொல்லை இருவரும் ஒருதரமும் சொல்லியிருக்க மாட்டோம்.