புதிய குளத்திலும் கண் சிவக்குமா?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் புதுப்பித்துத் திறந்திருக்கும் பொது நீச்சல் குளத்துக்கு 6 வயது மகனையும் 63 வயது அம்மாவையும் அழைத்துப்போக ஆசை. குளத்தில் இறங்கினாலே மகனுக்குக் கண் சிவந்துவிடும். அம்மா நீச்சலுடைக்குக் கூச்சப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: கண் சிவந்தால் குளோரின் கூடிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலும் காரணம் வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமைன் உண்டாகும். மூக்கில் ஏறும் குளத்து வாடையும் கண்ணெரிச்சலும் அதனால்தான். வடிகட்டியைப் புதிதாக மாற்றினாலும், குளிக்காமல் இறங்குகிறவர்கள் இருக்கும்வரை இந்தத் தொல்லை தீராது.

அதனால் ஷவரில் 1 நிமிடமாவது நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு இறங்குங்கள். தலைமுடியையும் நனையுங்கள், நல்ல தண்ணீரில் ஊறிய முடி குளத்து நீரை அவ்வளவாக உறிஞ்சாது. அன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது குளோரினைத் தின்றுவிடும், ஓடுகளில் பிசுக்காகவும் படியும். மகன் "வரலைம்மா" என்றாலும் முதலில் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள்; பிறகு மணிக்கு ஒரு தரம்.

நீச்சல் கண்ணாடியைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். வாரை மாட்டாமல் கண்குழியில் மெல்ல அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று விநாடி ஒட்டி நின்றால் அளவு சரி. உடனே விழுந்தால் வாரை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் புகும். உள்பக்கத்தை விரலால் துடைக்காதீர்கள், பனிபடியாமல் காக்கும் பூச்சு போய்விடும்.

அம்மாவுக்கு முழுக்கை, கணுக்கால்வரை மூடும் நீச்சலுடை கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தாராளமாக இறங்கலாம். துணி நைலானாகவோ லைக்ராவாகவோ இருக்கட்டும். பருத்திச் சட்டையும் சுடிதாரும் நீரில் கனத்துக் காலைச் சுற்றும், நூலிழை வடிகட்டியை அடைக்கும்.

புதுப்பித்த குளத்தில் ஆழம் மாறியிருக்கலாம். பழைய நினைவில் இறங்காமல், கரையில் எழுதியிருக்கும் மீட்டர் அளவைப் பாருங்கள். அம்மா கைப்பிடி உள்ள படி வழியாக இறங்கட்டும். மகன் கையெட்டும் தூரத்திலேயே இருக்கவேண்டும். உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்று கைப்பேசியில் மூழ்கிவிடாதீர்கள்.

காலையில் போவதே நல்லது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் இடி மின்னல் அதிகம். எச்சரிக்கை வந்தால் எல்லாரும் கரையேற வேண்டும். வாரம் ஒரு நாள் துப்புரவுக்காக மூடுவார்கள், அந்த நாள் குளத்துக்குக் குளம் மாறும். கிளம்புமுன், பொது விளையாட்டு வசதிகளுக்கான மைஆக்டிவ்எஸ்ஜி+ (MyActiveSG+) செயலியில் பார்த்துவிடுங்கள்.