ஆஸ்பத்திரியில் பேச்சை மொழிமாற்றிச் சொல்லும் வேலை: ஆச்சியிடம் கேட்டது

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் பிரிவை நடத்திவிட்டு ஊர் வந்திருக்கிறேன். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டதும் என் பதிலும்.

தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்சா போதுமா ஆச்சி? (நர்சிங் மாணவி, காரைக்குடி)

போதாதும்மா. அமெரிக்காவில் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி, அப்புறம் சான்றிதழ் தேர்வு. மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றிதழ் தர்ற சிசிஎச்ஐ அமைப்பு ஸ்பானிஷ், அரபி, மாண்டரினுக்குத் தனித் தேர்வு வைக்குது. தமிழ்க்காரங்க பொதுத் தேர்வான கோர் சிஎச்ஐ எழுதணும்.

எங்க ஆயாவுக்குப் பேரன்தான் பேசினான். தனியா ஆள் எதுக்கு? (தேவகோட்டை)

1980-ல் ஃபுளோரிடாவில் வில்லி ராமிரெஸ்னு 18 வயசுப் பையன் நினைவில்லாம வந்தான். வீட்டார் ‘இன்டாக்ஸிகாடோ’ன்னாங்க. அவங்க ஸ்பானிஷ்ல சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு அர்த்தம். டாக்டர் காதில் போதைன்னு விழுந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கை கால் நாலும் செயலிழந்து போச்சு. மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடலை. ரெண்டு பக்கமும் புரிஞ்சிடுச்சுன்னே நினைச்சாங்க.

நம்ம ‘மயக்கமா வருது’ மட்டும் என்ன? தலைசுத்தலா, நினைவு தப்புச்சா? பேரன் ஒண்ணை யூகிச்சுச் சொல்லிடுவான். பயிற்சி எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஆயாகிட்டயே திருப்பிக் கேப்பா. அதனால்தான் அங்கே அவசரம் தவிர சின்னப் பிள்ளைகளை வச்சுப் பேசக் கூடாதுன்னு விதி. மொழிபெயர்ப்புக்கு நோயாளிகிட்ட காசும் வாங்கக் கூடாது.

தலைவர்னா உட்கார்ந்து கையெழுத்துதானே? (ஓய்வுபெற்ற வங்கிக்காரர், பள்ளத்தூர்)

கையெழுத்தும் உண்டுண்ணே! எந்த மொழிக்கு ஆள் வைக்கிறது, எதுக்கு போன், எதுக்கு வீடியோன்னு கணக்குப் பார்க்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தமிழ் கேட்டா யார் எடுப்பான்னு தெரிஞ்சிருக்கணும். ‘எனக்கு நேரமில்லை’ங்கிற டாக்டரோட மல்லுக்கட்டணும். பாதி நாள் அதுலயே போகும்.

‘அப்பச்சிகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க’ன்னு மகன் கண்ணைக் காட்டினா? (கானாடுகாத்தான்)

எங்க பிரிவில் புதுசா சேர்றவங்க தடுமாறுற இடமே இதுதான். டாக்டர் சொன்னதை மறைக்க நமக்கு உரிமை இல்லை. மகன் தமிழில் கேட்டதை அப்படியே டாக்டர்கிட்ட இங்கிலீஷில் சொல்லிடணும். எப்படிச் சொல்றதுன்னு அவங்க பேசி முடிக்கட்டும். எனக்கே முதல் தடவை நாக்கு எழலை.

நம்ம பக்கம் வேலை கிடைக்குமா? (அதே மாணவி)

இந்தப் பதவிப் பேரோட காரைக்குடியில் தேடாதே. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும், சென்னைக்கு வெளிநாட்டிலிருந்தும் நோயாளிங்க வர்றாங்க. பெரிய ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நோயாளிப் பிரிவுன்னு விசாரி. வங்க மொழியோ அரபியோ கத்துக்கிட்டா நல்லது. நர்சிங்கை மட்டும் பாதியில் விட்டுடாதே.