கருமுட்டைக்குள் இருக்கும் வாயுவை அளக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 34. மண்டபத்தில் இருக்கிறோம். திருமணமாகி மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கருமுட்டையில் நைட்ரிக் ஆக்சைடு குறைந்தால் கரு தங்காது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதை அளக்கும் பரிசோதனை ராமநாதபுரத்தில் உண்டா? எல்-அர்ஜினைன் பவுடர் குடிக்கலாமா?

பதில்: ராமநாதபுரத்தில் இல்லை. மதுரைக்கோ சென்னைக்கோ போனாலும் கிடைக்காது. சிகிச்சைக்கு உதவும் பரிசோதனையாக அது இன்னும் வரவில்லை.

வீடியோ முழுப் பொய்யும் அல்ல. நைட்ரிக் ஆக்சைடு என்பது அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் செல்களே உண்டாக்கும் வாயு. ரத்தக் குழாயைத் தளர்த்தும் அதன் வேலையைக் கண்டறிந்ததற்காக 1998இல் மூவர் நோபல் பரிசு பெற்றார்கள். வெளியான முட்டை சீக்கிரம் மூப்படையாமல் அது காப்பது சுண்டெலி முட்டைகளில் தெரிய வந்திருக்கிறது. ஆனால் அளவு மிஞ்சினால் அதுவே பெராக்சிநைட்ரைட் என்ற நச்சாகி முட்டையைக் கெடுக்கும்.

அளப்பதுதான் பெரும் பாடு. மனிதக் கருமுட்டையின் குறுக்களவு சுமார் 0.12 மில்லிமீட்டர், பொடியுப்புத் துகளைவிடச் சிறியது. உள்ளே இருப்பதோ சில விநாடிகளில் மறையும் வாயு. ஆய்வகத்தில் டிஏஎஃப் என்ற சாயத்தில் முட்டையை ஊறவைப்பார்கள். உள்ளே புகுந்த சாயத்தின் ஒரு பகுதியை முட்டையின் நொதிகள் வெட்டிவிடுவதால் அது வெளியேற முடியாமல் தங்கிவிடும். வாயு உண்டாகியிருந்தால், நீல ஒளி பட்டதும் நுண்ணோக்கியில் முட்டை பச்சையாக ஒளிரும். இதிலும் ஒரு சிக்கல். மாறிய சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. உண்டியலைப் போல, இதுவரை விழுந்த காசு தெரியும். இப்போது விழுகிறதா என்று தெரியாது. நுண்ணிய மின்முனையால் அளக்கும் முறையும் உண்டு. எந்த வழியானாலும், அப்படிச் சோதித்த முட்டையைக் கருவாக்கி உங்கள் கருப்பையில் வைக்க மாட்டார்கள்.

உங்கள் பக்கத்துக் கடலில் வலையில் சிக்கி எல்லோரிடமும் திட்டு வாங்கும் கடல் முள்ளெலிக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. விந்தணு சேர்ந்ததும் முட்டையை எழுப்புவது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 2000இல் அதன் முட்டைகளை வைத்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே சுண்டெலி முட்டைகளில் இந்த வாயுவையும் கால்சியத்தையும் சேர்த்து அளந்தபோது, கருவுறுகையில் கால்சியம்தான் ஏறியது, வாயு ஏறவில்லை. முள்ளெலிக்குப் பொருந்தியது எலிக்கே பொருந்தவில்லை. வீடியோக்காரர் அதை உங்களுக்குப் பொருத்திவிட்டார்.

பவுடரை நீங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம். சோதனைக்குழாய் சிகிச்சைக்கு வந்த பெண்களுக்கு அர்ஜினைன் கொடுத்துப் பார்த்து 2002இல் வெளியான இத்தாலிய ஆய்வில், கருக்களின் தரம் குறைந்ததாகவே தெரிந்தது.

அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவிடுங்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள் ஓராண்டு முயன்றும் பலனில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் மூன்றாண்டு பொறுத்துவிட்டீர்கள். உங்களுக்கு ஏஎம்எச் (சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்), தைராய்டு ரத்தப் பரிசோதனைகள், சினைப்பை ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு உண்டா என்ற சோதனை ஆகியவை தேவை. கூடவே, முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு உண்டாகும் காலம். அந்த நாட்களில் உங்கள் கணவர் கரையில் இருக்கிறாரா, கடலில் இருக்கிறாரா என்று காலண்டரில் குறித்து வாருங்கள். பல மீனவக் குடும்பங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

அவருடைய விந்துப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாட்கள் உறவைத் தவிர்க்க வேண்டும். வேறு நாள் வாய்க்காவிட்டால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கண்டிப்பாகச் செய்துவிடுங்கள். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். மண்டபத்தில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோனால் அந்த நேரம் வழியிலேயே கரைந்துவிடும். ராமநாதபுரம் போய் ஆய்வகத்திலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.