இழுவைப் படகுக்கு எந்தச் சோதனை வழி?

கேள்வி: மிசிசிப்பி ஆற்றில் பார்ஜுகளை (தட்டையான சரக்குப் படகுகளை) தள்ளிச் செல்லும் ஒரே ஒரு இழுவைப் படகு வைத்திருக்கிறேன். பாதுகாப்பு மேலாண்மை முறை, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் நேரடிச் சோதனை ஆகிய இரண்டில் எதைத் தேர்வது?

பதில்: 2016-இல் வெளியான 'சப்சாப்டர் எம்' விதிகள், பொதுவாக 26 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள இழுவைப் படகுகளுக்கு 5 ஆண்டுகள் செல்லுபடியாகும் சோதனைச் சான்றிதழைக் கட்டாயமாக்கியபோதே இவ்விரு வழிகளையும் அனுமதித்தன. முதல் வழியில், நீங்களே எழுதிவைத்துப் பின்பற்றும் பாதுகாப்பு நடைமுறைகளை அங்கீகாரம் பெற்ற வெளி அமைப்பு தணிக்கை செய்யும். இரண்டாவதில் காவல்படையினரே ஆண்டுதோறும் படகுக்கு வருவார்கள். ஒற்றைப் படகுக்கு நேரடிச் சோதனையே எளிது என்பது என் கருத்து. ஆனால் எஞ்சின் அறையின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தாலோ, நீர்புகாக் கதவின் ரப்பர் பட்டை வெடித்திருந்தாலோ, கையிலுள்ள சான்றிதழ் ஆபத்தைத் தடுக்காது. ஆகவே அந்தப் பட்டையை அடிக்கடி விரலால் தடவிப் பார்த்து, கண்ட குறையை அன்றே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.